கல்லாப்பெட்டியில் நோட்டு இருந்தால்தான் கைபேசியில் பணம்

2007க்கு முன் கென்யத் தலைநகர் நைரோபியில் வேலை பார்த்தவர்களில் பலர், ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப பஸ் டிரைவரைத்தான் நம்பியிருந்தார்கள். கவரைக் கொடுத்துவிட்டு, அது போய்ச் சேரும்வரை மனம் அடித்துக்கொள்ளும். வங்கிக் கணக்கு இல்லாதவர்களே அதிகம். 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற கைபேசி நிறுவனம் தொடங்கிய எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை அந்தத் தவிப்பைத் தீர்த்தது. பெசா என்றால் சுவாஹிலியில் பணம். நம் பைசாவுக்கு உறவான சொல்.

2005இல் நடந்த அதன் முன்சோதனையின் நோக்கம் வேறு. சிறுகடன் வாங்கியவர்கள் கைபேசி வழியே தவணை கட்ட வேண்டும், அவ்வளவுதான். மக்களோ அதைக் கொண்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். நிறுவனமும் அவர்கள் வழிக்கே வந்தது.

எம்-பெசாவுக்கு ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையமும் வேண்டாம். சாதாரண போனும் சிம்மும் ரகசிய எண்ணும் போதும். ஆனால், தெருமுனையில் ஒரு முகவர் கடை வேண்டும். நைரோபிக் கடைக்காரரிடம் 1,000 ஷில்லிங் நோட்டாகக் கொடுத்தால், அவர் தன் கைபேசி இருப்பிலிருந்து அதே தொகையை உங்கள் கணக்குக்கு மாற்றுவார். நீங்கள் அம்மாவுக்கு அனுப்புவீர்கள். அம்மா கிராமத்துக் கடையில் அடையாள அட்டையைக் காட்டி நோட்டாக வாங்கிக்கொள்வார். இந்தக் கைபேசி இருப்புக்கு ஈடான பணம் முழுவதும் வங்கிகளில் அறக்கட்டளைக் கணக்கில் இருக்கிறது. நிறுவனம் அதை எடுத்துப் புழங்க முடியாது.

பணம் நகரத்திலிருந்து கிராமத்துக்கே ஓடுவதால், நகரக் கடையில் கைபேசி இருப்பு கரையும், கல்லாவில் நோட்டு குவியும். கிராமத்துக் கடையில் நேர்மாறு: நோட்டு தீர்ந்துவிடும். அதை நிரப்ப யாராவது வங்கி இருக்கும் ஊருக்குப் போய்வர வேண்டும். ரொக்கமில்லாப் பொருளாதாரத்தைக் கென்யாவில் தூக்கி நிறுத்தியது ரொக்கத்தைச் சுமந்து அலைந்த இந்தக் கடைக்காரர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். கேட்டவுடன் நோட்டு கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகே மக்கள் பணத்தைக் கைபேசியில் விட்டுவைத்தார்கள்.

பொருளாதார ஆய்வாளர்கள் தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் இருவரும் 2016இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, வீட்டருகே முகவர்கள் எவ்வளவு பெருகினார்கள் என்பதையே அளவுகோலாகக் கொண்டது. எம்-பெசாவால் சுமார் 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம், வறுமையிலிருந்து மீண்டன என்று அது மதிப்பிட்டது. பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களுக்குக் கிடைத்த பலன் இன்னும் கூடுதல். ஆனால், தென்னாப்பிரிக்காவில் 2010இல் தொடங்கிய எம்-பெசா 2016இல் மூடப்பட்டது. அங்கே வங்கிக் கணக்குகள் ஏற்கெனவே பரவலாக இருந்தன. கென்யாவின் தவிப்பு அங்கு இல்லை.

கென்யாவில் எனக்குள்ள கவலை கட்டணம். தொகை சிறிதாக ஆக, கட்டணத்தின் பங்கு பெரிதாகிறது. அன்றாடங்காய்ச்சிகளுக்கு அது வலிக்கும். கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், 1,000 ஷில்லிங் வரையிலான பரிமாற்றத்துக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அது திரும்பி வந்தபோது, 100 ஷில்லிங் வரை அனுப்புவது மட்டும் இலவசமாக விடப்பட்டது.