தவறணை வாயிலில் ஒரு சரித்திரப் பாடம்

நாட்டுக்கு உழைத்த பெரியோர்க்குச் சிலை எடுத்தல் உலகெங்கும் உள்ள வழக்கம். தன் ஊர்க் கள்வனுக்குப் பெயர்ப்பலகை தீட்டி, அதனை நடுவீதியிலே தொங்கவிட்டு, வருவோர் போவோரையெல்லாம் அதன்கீழ் அமர்ந்து உண்ணவும் பருகவும் அழைக்கின்ற நகரமும் ஒன்று உண்டு. ஸ்கொட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவே அந்நகரம்.

எடின்பரோவின் பழைய நகர் ஒரு பாறைக்குன்றின் முதுகிலே அமைந்தது. குன்றின் உச்சியிலே கோட்டை. அடிவாரத்திலே ஹொலிறூட் அரண்மனை. இவ்விரண்டையும் இணைத்து ஏறத்தாழ ஒரு மைல் தூரம் சரிந்து செல்லும் கல்பாவிய வீதிக்கு ‘றோயல் மைல்’ என்பது பெயர். அதன் இருமருங்கிலும் கரும்படிந்த கல்மாடங்களும், அவற்றினிடையே ஆளொருவர் மட்டுமே நடக்கத்தக்க ஒடுங்கிய சந்துகளும் காணப்படும். பழைய நகரும் அதன் வடக்கேயுள்ள புதிய நகரும் 1995ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலே இடம்பெற்றன. 1947ஆம் ஆண்டு தொடங்கிய கலைவிழாவைக் காண்பதற்கென ஓகஸ்ட் மாதந்தோறும் பல நாட்டாரும் இங்கே வந்து கூடுவர்.

இவ்வீதியின் மேற்பகுதியாகிய லோன்மார்க்கெற்றிலே, ஒரு முடக்கிலே நிற்பதுதான் ‘டீக்கன் பிறோடீஸ் டவேண்’ என்னும் மதுச்சாலை. ‘டவேண்’ என்பது வேறொன்றுமன்று. நம் நாட்டுத் ‘தவறணை’ என்னுஞ் சொல்லின் உறவே. ஆயினும் தவறணை என்றதும் நம் இல்லத்தார் உள்ளத்தில் எழுங் காட்சி வேறு. அங்குள்ள நிலைமை வேறு. ‘பப்’ என்பது பொதுமனை எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கம். அங்கே மது அருந்துவோரும் உளர். பகலுணவுக்கும் தேநீருக்குமென்றே வருவோரும் உளர். ஆகவே, மதுவைத் தொட்டறியாத நானும் தயக்கமின்றி உள்ளே நுழைந்தேன். ஸ்கொட்லாந்தின் தேசிய உணவாகிய ‘ஹகிஸ்’ என்பது ஆட்டின் ஈரல், இருதயம், நுரையீரல் ஆகியவற்றை ஓட்ஸ் தானியத்தோடு கலந்து, ஆட்டின் இரைப்பையில் அடைத்து வேகவைப்பது. சைவ உணவினர் இதனைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. பருப்பும் அவரையும் தானியமும் சேர்த்துச் செய்யும் சைவ ஹகிஸை எடின்பரோவிலுள்ள ‘மக்ஸ்வீன்’ நிறுவனத்தார் 1984இலேயே ஆக்கிவிட்டனர்!

பலகையின் இரு முகங்கள்

வாயிலில் தொங்கும் பலகையை ஒருபுறம் நின்று நோக்கின், உயர்ந்த உடையணிந்த கனவான் ஒருவன் தோன்றுவான். மறுபுறம் சென்று நோக்கின், முகமூடியிட்ட கள்வன் ஒருவன் தோன்றுவான். இருவரும் ஒருவனே. அவன் பெயர் வில்லியம் பிறோடி.

1741இலே பிறந்த பிறோடி, மரத்தளபாடம் செய்வதிலே கைதேர்ந்தவன். தச்சர் சங்கத்தின் தலைவன் என்ற முறையிலேதான் அவனுக்கு ‘டீக்கன்’ என்னும் பட்டம் வந்தது. நகரசபையிலும் அவனுக்கு ஆசனம் இருந்தது. ஊர்ச் செல்வர் தம் வீட்டு அலுமாரிகளையும் பூட்டுகளையும் செப்பனிட அவனையே அழைத்தனர். அவனோ பகலிலே சென்ற வீட்டின் திறப்பை மெழுகிலே பதித்தெடுத்து, மாற்றுத் திறப்புச் செய்து, இரவிலே அவ்வீட்டுக்குள் புகுந்தான். சூதும் சேவற்போரும் அவன் கைப்பொருளை விழுங்கின. மறைவிலே நடத்திய குடும்பங்கள் இரண்டு. ஊரார் வைத்த நம்பிக்கையே அவன் களவுக்குக் கருவியாயிற்று.

பின்னர் ஜோர்ஜ் ஸ்மித், அன்று எயின்ஸ்லி, ஜோன் பிறவுன் என்னும் மூவரைத் துணைசேர்த்துக்கொண்டு, 1788ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே அரசின் தீர்வைத் திணைக்களத்தைக் கொள்ளையிடத் துணிந்தான். பெருநிதியை எதிர்பார்த்துச் சென்றவர்கட்குக் கிடைத்தது பதினாறு பவுண் அளவே. பிறவுன் மன்னிப்பை வேண்டி அதிகாரிகளிடம் உண்மையைக் கக்கினான். பிறோடி கடல்கடந்து ஒல்லாந்துக்கு ஓடினான். அம்ஸ்ரர்டாம் நகரிலே பிடிபட்டு மீட்டுக் கொணரப்பட்டான். அவ்வாண்டு ஒக்டோபர் முதலாம் நாள், அம்மதுச்சாலைக்குக் கூப்பிடு தொலைவிலே நின்ற ‘டோல்பூத்’ சிறைச்சாலையின் முன்னே தூக்கிலிடப்பட்டான். 1817இலே இடிக்கப்பட்ட அச்சிறை நின்ற இடத்தை, வீதியிற் பதித்த இருதய வடிவக் கற்கள் இன்றும் காட்டுகின்றன. அத்தூக்குமரத்தை வடிவமைத்தவனும் பிறோடியே என்று ஊரார் சுவைபடச் சொல்வர். அதனை மெய்ப்பிக்கத் தக்க சான்று போதாது.

மாணவர் இக்கதையின் மறுபாதியை இலக்கியத்திலே கற்றிருப்பர். 1850இல் எடின்பரோவிலே பிறந்த றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சன் குழந்தையாகத் துயின்ற அறையில் இருந்தது பிறோடி செய்த அலுமாரி ஒன்று. வளர்ந்தபின் அவனைப் பற்றி நண்பர் ஹென்லியுடன் கூடி நாடகம் ஒன்றும் எழுதினார். 1886இல் வெளிவந்த டொக்டர் ஜெக்கில், மிஸ்ரர் ஹைட் கதையிலே நல்லோனும் தீயோனும் ஓருடலில் வாழுங் கருத்து முதிர்ந்து நிற்கின்றது. அவ்வலுமாரி இப்பொழுது லோன்மார்க்கெற்றிலேயே, எழுத்தாளர் நூதனசாலையிலே உள்ளது. மதுச்சாலையைக் காண்போர் சில நிமிட நடையில் அதனையும் காணலாம். கட்டாயம் காணவும் வேண்டும்.

பலகையில் இல்லாத பெயர்

இத்துணையும் சுவையான கதை. ஆனால், சுவையிலே நாம் மயங்கி மறக்கும் ஒன்று உண்டு. அவ்வொக்டோபர் நாளிலே தூக்குமரத்தில் ஏறியவர் இருவர். மற்றவன் ஜோர்ஜ் ஸ்மித். இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, சிறு மளிகைக்கடை வைத்திருந்தவன். குற்றம் ஒன்றே, தண்டனையும் ஒன்றே, நாளும் மரமும் ஒன்றே. எனினும் செல்வனாகிய நகரசபை உறுப்பினன் பலகையிலே வாழ்கின்றான். ஏழைக் கடைக்காரனுக்குப் பலகையுமில்லை, கதையுமில்லை. களவிலே கூடப் பெரிய இடத்துப் பிள்ளைக்கே புகழ் கிடைக்கின்றது!

அங்கிருந்து தெற்கே இறங்கினால், பண்டைச் சந்தைத் திடலாகிய கிறாஸ்மார்க்கெற்றை அடையலாம். 1784 வரை நகரத்தின் தூக்குமரம் நின்ற இடம் இதுவே. இன்று அங்கே மதுச்சாலைகள் நிரைநிரையாக உள்ளன. ஒன்றின் பெயர் ‘லாஸ்ற் டிறொப்’, அஃதாவது கடைசித் துளி; தூக்கிலே தொங்குவோனின் கடைசி வீழ்ச்சியும் அச்சொல்லுக்குப் பொருளாகும். சிலேடையைக் கண்டு சிரிப்போர் பலர். அருகிலுள்ள மற்றொரு மதுச்சாலை ‘மகி டிக்ஸன்’ என்னும் பெண்ணின் பெயரைத் தாங்கியது.

மசல்பரோ என்னும் ஊரிலே மீன் விற்றுப் பிழைத்தவள் மகி. கணவனைப் பிரிந்தபின் கெல்சோ நகரத்து விடுதியொன்றிலே வேலைசெய்த காலத்தில் கருவுற்றாள், அதனை மறைத்தாள், பிறந்த குழந்தை இறந்தது. உடலம் ட்வீட் ஆற்றங்கரையிலே கண்டெடுக்கப்பட்டது. 1724இலே கிறாஸ்மார்க்கெற்றில் அவளைத் தூக்கிலிட்டனர். உறவினர் பெட்டியிலிட்டு வண்டியில் ஏற்றிச் செல்லும் வழியிலே, ஒரு மதுச்சாலையின் முன் தாகசாந்திக்கு நின்றபோது, பெட்டியினுள்ளே ஓசை கேட்டது. அவள் உயிரோடிருந்தாள்! தண்டனை நிறைவேறிவிட்டதாகக் கொண்டு, சட்டம் அவளை மீண்டும் தீண்டவில்லை. ‘பாதி தூக்கிலிட்ட மகி’ எனப் பெயர்பெற்றுப் பல்லாண்டு வாழ்ந்தாள்.

பயணிகளுக்குச் சொல்லப்படுவது அவள் பிழைத்த அதிசயம். அவள் எந்தச் சட்டத்தின்கீழ் தூக்குமரத்துக்குப் போனாள் என்பதை வினவுவோர் சிலரே. 1690ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்துச் சட்டத்தின்படி, கருவுற்றதை மறைத்து, பேற்றுக்காலத்திலும் பிறர் உதவியை வேண்டாத பெண்ணின் குழந்தை இறந்துகிடந்தாலோ காணாமற் போனாலோ, அவள் கொலைகாரியாகவே கொள்ளப்படுவாள். அவள் கொன்றாள் என்று அரசு மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நாணத்தால் வாய்மூடியதே கொலைக்குச் சான்றாயிற்று. குழந்தை தானாகவே இறந்திருப்பினும், தனித்துப் பெற்ற தாய்க்கு அதனை எடுத்துக்கூறும் வழியில்லை. 1809இலேதான் இக்கொடுமை நீங்கி, அக்குற்றத்துக்கு அதிகமாக இரண்டாண்டுச் சிறையென விதிக்கப்பட்டது. இடைப்பட்ட நூற்றுப்பத்தொன்பது ஆண்டுகளும் அச்சட்டம் ஏழைப் பணிப்பெண்களின் தலைமேல் தொங்கியிருந்தது. மகியோ பிழைத்தமையால் பெயர் பெற்றாள். பிழையாதவர்க்கு எந்த மதுச்சாலையும் பெயர் சூட்டவில்லை.

இவ்வாறு கூறுவதால் அம்மதுச்சாலைகளை நான் பழிப்பதாக எவரும் கருதலாகாது. புத்தகத்தை விரித்துப் பாராதவரும் ஒரு பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்ப்பர். அதனால் பிறோடியின் பெயரும் மகியின் பெயரும் மறக்கப்படாமல் நிற்கின்றன. தன் வெட்கக்கேட்டை மறைக்காமல் வாசலிலே மாட்டிவைக்கும் துணிவும் பாராட்டத்தக்கதே. ஆயினும் வணிகம் துன்பத்தைச் சுவையாக்கியே விற்கும்; அது வணிகத்தின் இயல்பு. அதனைத் திருத்தும் பொறுப்பு காண்பவரைச் சேர்ந்தது.

ஆகவே, பிள்ளைகளுடன் இத்தகைய இடங்களைக் காணச்செல்லும் பெற்றோர்க்கும், நூலில் மட்டும் கண்டு மகிழும் மாணவர்க்கும் ஒன்று கூறுவேன். எந்தப் பலகையின் முன்னும் இரண்டு வினாக்களை எழுப்புங்கள்: இவரோடு துன்புற்றும் பெயர் பெறாதவர் யார்? இவரைத் தண்டித்த சட்டம் நீதியானதா? இவ்விரண்டுக்கும் விடை தேடப் புகுந்த அன்றே, வேடிக்கை பார்க்க வந்தவர் சரித்திரம் கற்கத் தொடங்கிவிடுகின்றார்.