உதயம் பார்க்க ஒரு ஜீப், காய் எடுக்க ஒரு ஜீப்

வாரக் கடைசி என்றால் கொழுக்குமலையில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. 7,000 அடிக்கு மேலே, காலடியில் மேகம் கிடக்க, செல்போனை உயர்த்திப் பிடித்தபடி சூரியனுக்காக நிற்பவர்களில் இளவட்டங்களே அதிகம். நிலம் தேனி மாவட்டத்தினுடையது. ஜீப் பாதையோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. அதனால் ஜீப்பில் போவதானால் போடிநாயக்கனூர்ப் பையன்களும் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, பூப்பாறை சுற்றித்தான் வர வேண்டும். 2023 ஜூன் 15 முதல் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு நேரடி ரயில் ஓடுகிறது. தலைநகர இளைஞர்களுக்கும் இனி இது ஒரு ராத்திரிப் பயணம்தான்.

இந்த மோகம் நம் ஊரோடு நிற்பதில்லை. இந்தோனேசிய இளைஞர்கள் கிழக்கு ஜாவாவின் புரோமோ எரிமலைக்கு இப்படித்தான் இருட்டோடு ஜீப் பிடித்துப் போகிறார்கள். 2023 செப்டம்பரில் அங்கே கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் ஒன்றுக்காகக் கொளுத்திய புகைமத்தாப்பு, நூற்றுக்கணக்கான ஹெக்டேர் புல்வெளியை எரித்தது.

நாம் அதைவிடக் கொடியதைப் பார்த்திருக்கிறோம். 2018 மார்ச் 11 அன்று போடியை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 வழித்தடங்களில் குரங்கணி–சாம்பலாறும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். மலையை விட்டு வேலை தேடிப் போகும் பிள்ளைகளுக்கு மலையிலேயே ஒரு பிழைப்பு என்பது இதில் கிடைத்த நன்மை.

ஆனால் இந்த மலையில் கேமரா தேடாத கூட்டம் ஒன்றும் உண்டு. அதே 2018இல் வெளியான லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' படம், ஏலக்காய் மூட்டை சுமந்தே காலம் தள்ளும் நிலமில்லாத ஒருவரின் கதை. இன்று போடியிலிருந்து கேரள ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். அவர்கள் பறித்த காய்தான் உலர்ந்து, மில்லிமீட்டர் அளவில் தரம் பிரிந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. 2019இல் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு அது.

வருடத்துக்கு ஒருமுறை மலையேறுபவருக்கு அனுமதிச் சீட்டு, வழிகாட்டி, ஆள் கணக்கு எல்லாம் உண்டு. சீசன் முழுக்கத் தினம் ஏறி இறங்கும் பெண்களின் ஜீப்பில் ஆள் கணக்குப் பார்ப்பது யார்? சுற்றுலாவுக்குக் காட்டும் கண்டிப்பில் பாதியை அந்த ஜீப்புகளிடம் இரு மாநிலங்களும் காட்டினால் போதும்.