உங்களுக்குத் தெரியுமா? வயரில் 7/0.67 என்றால் என்ன?

நயினாதீவுக்குத் தேசிய மின்வலைத் தொடர்பு இல்லை. டீசல் ஜெனரேட்டரே பல காலம் கரண்ட் தந்தது. நெடுந்தீவு, அனலைதீவோடு சேர்த்து இங்கும் சூரிய, காற்று மின்சாரம் அமைக்க இந்தியாவுடன் 2022 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

மின்சாரம் எதிலிருந்து வந்தாலும் சுமப்பது வீட்டு வயர்தான். 7/0.67 என்றால், 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு செப்புக் கம்பிகள். மொத்தக் குறுக்குவெட்டு ஏறத்தாழ 2.5 சதுர மில்லிமீற்றர். 1/1.13 ஒற்றைக் கம்பி, 1 சதுர மில்லிமீற்றர். லைற்றுக்கு மட்டும்தான் அது. 3,000 வாற்று கேத்தலோ 230 வோல்ற்றில் 13 அம்பியர் இழுக்கும். கரண்ட் இரட்டித்தால் வயரின் சூடு நான்கு மடங்கு!

பிளக் பொயின்ற்றுக்கு 7/0.67இலும் மெல்லிய வயரைப் போட விடாதீர்கள். பிறேக்கர் அடிக்கடி விழுந்தால் பெரியதாக மாற்றாதீர்கள்; முதலில் வயரைப் பாருங்கள்.