கடிவாளமும் நெம்புகோலும்

'கடிவாளம் போடுதல்' என்றால் 'கட்டுப்படுத்துதல்' என்று மாணவர்கள் சட்டென எழுதிடுவாங்க. எப்படிக் கட்டுப்படுத்துதுன்னு கேட்டுப் பாருங்கள்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு உண்டு. கடிவாளக் கம்பி அங்கேதான் உட்காரும். நெம்புகோல் வகையில் கம்பியின் இரு முனையிலும் செங்குத்தான தண்டு இருக்கும். மேல்முனையில் தலைவாரும் தாடைச் சங்கிலியும், கீழ்முனையில் கைவாரும் மாட்டப்படும். கைவாரை இழுத்தால் தண்டு சுழன்று, சங்கிலி தாடைக்கு அடியில் இறுகும்.

கம்பிக்கு மேலே 5 செ.மீ., கீழே 10 செ.மீ. என்றால், 1 கிலோ இழுப்பு சங்கிலியில் சுமார் 2 கிலோவாகும். வாயில் 3 கிலோ! அதனால்தான் நல்ல சவாரிக்காரர் விரலசைவோடு நிறுத்திக்குவார்.

'செலவுக்குக் கடிவாளம் போட்டார்' என்றால் செலவையே நிறுத்தினார் என்றல்ல. அளவோடு நடத்தினார் என்பதே பொருத்தமான பொருள்.