டாங்க் காலி, மானியில் 1,800 கிலோ

பாலெர்மோ நகரின் சீசா பகுதியில், 12-ஆம் நூற்றாண்டு அரண்மனைக்குப் பக்கத்தில் டுக்ரோ மரச்சாமான் தொழிற்சாலை இருந்தது. கப்பல்களுக்கு உள்அலங்காரம் செய்த நிறுவனம் அது. முதல் உலகப் போரின்போது விமானமும் கட்டியது. அங்கே நடந்த தச்சு வேலையில், நாக்கு துளைக்குள் இறுக்கமாக உட்கார்ந்தால் பொருத்தம் சரி. மின்கருவிகளிலோ உட்கார்ந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதற்கான விலையைப் பாலெர்மோ கடலிலேயே கொடுக்க நேர்ந்தது.

2005 ஆகஸ்ட் 6. துனின்டர் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72 விமானம் 39 பேருடன் இத்தாலியின் பாரியிலிருந்து துனீசியாவின் ஜெர்பாவுக்குப் பறந்துகொண்டிருந்தது. வழியில் இரு எஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றன. பாலெர்மோ விமான நிலையத்தை எட்ட முடியாமல் கடலில் இறங்கி உடைந்தது. 16 பேர் இறந்தார்கள். டாங்க் வறண்டிருந்தது, மானி மட்டும் ஏறக்குறைய 1,800 கிலோ எரிபொருள் இருப்பதாகக் காட்டியது.

முந்தைய நாள்தான் அந்த மானியை மாற்றியிருந்தார்கள். மாட்டியது சிறிய விமானமான ஏ.டி.ஆர். 42-க்கு உரியது. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், அதே இடத்தில் உட்காரும். டாங்குக்குள் இருக்கும் உணரிகள் மின்தேக்கிகள்: காற்றைவிட எரிபொருள் சுமார் இரண்டு மடங்கு மின்தேக்குத் திறனைத் தரும், அதை வைத்து மட்டத்தை அறிகின்றன. அந்த அளவைக் கிலோவாக மாற்றும் கணக்கு மானிக்குள் இருக்கிறது. டாங்கின் வடிவமும் உணரிகளும் மாறினால் கணக்கும் மாற வேண்டும். குறைந்த எரிபொருள் எச்சரிக்கையும் அதே மானியை நம்பியிருந்ததால் அதுவும் வாய் திறக்கவில்லை. 2009-இல் பாலெர்மோ நீதிமன்றம் விமானி உள்ளிட்டோருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. தவறான மானியை மாட்ட இடம்கொடுத்த வடிவமைப்பு கூண்டில் ஏறவில்லை என்பது என் குறை. இத்தாலிய விசாரணைக் குழுவோ, இரண்டு மானிகளும் மாறிப் பொருந்தாதபடி செய்யச் சொன்னது.

படகின் எரிபொருள் மானியில் தொழில்நுட்பம் எளிமையானது, சிக்கல் அதேதான். டாங்குக்குள் மிதவை ஏறி இறங்கும்போது மின்தடை மாறுகிறது. ஐரோப்பிய வழக்கப்படி காலி என்றால் 10 ஓம், நிறைந்தால் 180. அமெரிக்க வழக்கு தலைகீழ்: காலிக்கு 240, நிறைவுக்கு 33. அமெரிக்க மிதவையை ஐரோப்பிய மானியோடு இணைத்தால், காலி டாங்குக்கு முள் நிறைவைத் தாண்டி நிற்கும். நிரப்பினால் காலிக்கு அருகே விழும். இதில் பொல்லாதது நடுப்பகுதி. பாதி டாங்கில் அமெரிக்க மிதவை தருவது சுமார் 103 ஓம். ஐரோப்பிய மானியும் அதை ஏறத்தாழ பாதி என்றே வாசிக்கும். அந்த நேரம் பார்த்துச் சோதிப்பவர் எல்லாம் சரி என்று போய்விடுவார்.

ஆகவே மிதவையைக் கழற்றி, மல்டிமீட்டரில் கீழும் மேலும் அளந்து, அந்த இரு எண்களுக்கு உரிய மானியை வாங்குவதே முறை. பழைய படகில் மானி எந்த வகை என்று தெரியாவிட்டால், சாவியைத் திருப்பி மிதவையிலிருந்து வரும் மின்கம்பியை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். அமெரிக்க மானியின் முள் காலிக்கு இறங்கும். ஐரோப்பிய மானியின் முள் நிறைவுக்கு ஏறும். உப்புக்காற்றில் கம்பி அரித்து அறுந்தாலும் அது அப்படித்தான் ஏறும்.