வாக்கும் வாழ்வும்

செல்வம் சிலர் கையிலே குவிந்துள்ள நாட்டில், எல்லோர்க்கும் ஒரே அளவான வாக்கு இருப்பதனால் ஏழைக்குப் பயன் யாது? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இலங்கையின் வரலாறே அதனைக் கூறும்.

1931ஆம் ஆண்டுக்கு முன் இந்நாட்டில் வாக்குரிமை பெற்றிருந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே. சொத்தும் வருமானமும் கல்வியும் உடையோர்க்கே அவ்வுரிமை இருந்தது. அதனை விரிவாக்க வேண்டுமென 1928இல் டொனமூர் ஆணைக்குழுவினர் விதந்துரைத்தபோது, சேர். பொன். இராமநாதன் உட்படத் தலைவர் பலர் எதிர்த்தனர். தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோ அதனை வற்புறுத்தி நின்றார். ஈற்றில், 1931இல் 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்காளராயினர். தோட்டத் தொழிலாளர்க்கு மட்டும் சில தடைகள் இருந்தன.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். வாக்குக் கேட்டு வாயிலுக்கு வந்தோரிடம் மக்கள் பள்ளிக்கூடமும் மருந்தும் அரிசியும் கேட்டனர். 1932இல் வருமான வரி நடைமுறைக்கு வந்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி கிடைத்தது. 1953இல் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் மூண்டது, உயிர்களும் பலியாயின. இரண்டு மாதங்களுள் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

வாக்கின் அருமையை அறிய வேண்டுமாயின், அதனை இழந்தோரையும் பார்த்தல் வேண்டும். 1947இல் மலைநாட்டுத் தொழிலாளரின் கட்சி பாராளுமன்றத்திற்கு எழுவரை அனுப்பியது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அம்மக்களுட் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952இல் அக்கட்சியினர் ஒருவரேனும் சபைக்குச் செல்லவில்லை. நாட்டின் கருவூலத்தை நிரப்பியது அவர்கள் கொய்த தேயிலையே. ஆயினும், தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். 1972இல் தனியாரின் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. எனினும், தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர்க்குத் தாம் குடியிருந்த லயத்தின் நிலந்தானும் சொந்தமாகவில்லை. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

செல்வர் மனமுவந்து அளிப்பது ஈகை. மக்கள் சட்டத்தின் வழியாகப் பெறுவது உரிமை. ஈகை கொடுப்போர் மனத்தைப் பொறுத்தது. உரிமையோ கேட்போர் கையிலுள்ள வாக்கைப் பொறுத்தது. இலவசக் கல்வியால் உயரும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.