லோரி நெருப்பு... கும்மட்டிக் கரி... தில்லிக் குளிர்!

தில்லிக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் நம் ஊர்ப் பையன்கள் முதலில் கேட்கிற கேள்வி, "சார், அங்கே நம்ம சாப்பாடு கிடைக்குமா?" என்பதுதான். பேஷாகக் கிடைக்கும். கரோல்பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார் என்று எங்கே போனாலும் சாம்பார் வாசனை மூக்கைத் துளைக்கும். இட்லி கிடைக்காமல் தில்லியில் யாரும் செத்ததாகச் சரித்திரம் இல்லை. குளிருக்குப் பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எதையாவது தப்பாகச் செய்து செத்தவர்கள் உண்டு. வருஷா வருஷம் உண்டு. ஆகவே, கேள்வியை மாற்றிக் கேளுங்கள் தம்பி.

நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு குளிர்காலம் ஆகிறது. பிறந்தது தாம்பரம். அங்கே மார்கழியில் அப்பா காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போவார். அதை 'குளிர்' என்று நம்பி வளர்ந்தவன் நான்.

"ஊட்டியைவிடவா?" என்பீர்கள். தில்லியின் சங்கடம் வேறு மாதிரி. இங்கே வீடுகளெல்லாம் மே மாத வெயிலுக்குப் பயந்து கட்டியவை. மொஸைக் தரை, உயரமான கூரை, சரியாக மூடாத ஜன்னல். ஜனவரியில் வெளியே ஒரு குளிர் என்றால், உள்ளே இன்னொரு குளிர். சில நாள் உள்ளேதான் அதிகம். அதற்குப் பயந்து வெயில் காய மொட்டை மாடிக்குப் போனால் வெயிலே இருக்காது. 2019 டிசம்பர் 30-ஆம் தேதி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகலின் அதிகபட்ச வெப்பமே 9.4 டிகிரி. கவனியுங்கள், அதிகபட்சம்! 2021 புத்தாண்டன்று விடியற்காலை 1.1 டிகிரி. நியூ இயர் பார்ட்டி முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பியவர்களின் கை விரல்கள் அவர்களுடைய பேச்சைக் கேட்டிருக்காது.

பேச்சிலர்களுக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் 'பர்சாத்தி'. மொட்டை மாடியில் தனியாக நிற்கிற ஒற்றை அறை. நாலு பக்கமும் காற்று, தலைக்கு மேலேயும் காற்று. வாடகை குறைவு என்று சந்தோஷமாகக் குடியேறி, டிசம்பர் கடைசியில் அதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

இதற்கு முதல் மருந்து துணி. காஷ்மீரி கேட் பக்கம் மானஸ்டரி மார்க்கெட்டிலோ, சரோஜினி நகரிலோ பேரம் பேசி வாங்குங்கள். ஒரே ஒரு தடி ஸ்வெட்டரைவிட, மெல்லிசாக மூன்று அடுக்கு மேல். அடுக்குகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்கிற காற்றுதான் உங்களைக் காப்பாற்றுகிறது. ஸ்கூட்டர்க்காரர்கள் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் நியூஸ்பேப்பரைச் செருகிக்கொள்வதும் இதே சூத்திரம்தான். (ஆங்கிலப் பேப்பர் கனம் அதிகம், கூடுதல் கதகதப்பு.) ராத்திரிக்குப் பஞ்சு அடைத்த ரஜாய். தொப்பியும் சாக்ஸும் போட்டுக்கொண்டே தூங்குங்கள், யாரும் படம் பிடிக்கப்போவதில்லை.

இரண்டாவது மருந்து என்று ஆபீஸில் ஒருவர் ரகசியமாகச் சொல்லுவார். "ரெண்டு பெக் ரம் போடு, குளிரே தெரியாது." தெரியாதுதான். அதுதான் ஆபத்து. மது உள்ளே போனதும் தோலுக்கடியில் இருக்கிற ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருக்க வேண்டிய சூடு வெளியே வந்து, உங்களுக்குக் கதகதப்பு என்று பொய் சொல்லிவிட்டு, காற்றோடு போய்விடுகிறது. உடம்பின் உள்சூடு இறங்குகிறது. அந்த நிலையில் பைக்கில் மூடுபனிக்குள் போகிறவரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இனி மூன்றாவது மருந்து. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அங்கீட்டி. நம் பாட்டி வீட்டுக் கும்மட்டி அடுப்பின் வடநாட்டு ஒன்றுவிட்ட சகோதரன். ஓர் இரும்பு வாளியோ, சித்தாள் தலையில் சுமக்கிற தஸ்லா என்கிற இரும்புச் சட்டியோ போதும். கரியைப் போட்டுப் பற்ற வைத்து, புகையெல்லாம் போய்ச் செக்கச்செவேல் என்று ஆனதும் அறைக்குள் கொண்டுவந்து வைத்து, கதவைச் சாத்திவிடுவார்கள். "புகைதான் போயிடுச்சே, இனிமே பயமில்லை" என்கிற கணக்கு.

கணக்கு அங்கேதான் தப்பாகிறது. கரி முழுசாக எரியக் காற்று வேண்டும். கதவைச் சாத்தினால் காற்று பத்தாமல் அரைகுறையாக எரியும். அரைகுறையாக எரிகிற கரி வெளியே விடுகிற வாயுவுக்குப் பெயர் கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் ரத்தத்தில் பிராண வாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபின் என்று ஒரு கூலிக்காரர் இருக்கிறாரே, அவருக்குப் பிராண வாயுவைவிட இந்த ஆசாமியை இருநூறு மடங்குக்கும் மேலே பிடிக்கும். இவரைத் தோளில் ஏற்றிக்கொண்டால் இறக்க மாட்டார். மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டிய சரக்கு நின்றுபோகும்.

அறிகுறி என்ன? தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கம். குளிர் ராத்திரியில் தலைவலி வந்தால் நாம் என்ன செய்வோம்? ஜன்னலை இன்னும் இறுக்கிச் சாத்திவிட்டு, இழுத்துப் போர்த்திப் படுப்போம். ஏற்கெனவே தூங்கிப்போனவருக்குத் தலைவலிகூடத் தெரியாது.

2024 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை. அலிப்பூர் பக்கம் கேரா கலான் என்ற இடத்தில் ஒரே குடும்பத்தில் நாலு பேர் அறைக்குள் இறந்து கிடந்தார்கள். அதில் இரண்டு குழந்தைகள். அதே நாள், ஊரின் இன்னொரு பக்கம் இந்தர்புரியில் இரண்டு பேர். இரண்டு இடத்திலும் மூடிய அறை, உள்ளே அங்கீட்டி. விசாலமான பங்களாக்காரர்கள் இல்லை, ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டிருந்தவர்கள்.

அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு எங்கள் காலனி வாசலில் இருக்கிற தகர கேபின் ஞாபகமாகவே இருந்தது. ராத்திரி சௌகிதார் உட்காருகிற இடம். நாலடிக்கு நாலடி. கதவு உண்டு, ஜன்னல் ஒரு கை நுழைகிற அளவு. காலுக்கடியில் ஒரு தஸ்லா.

எங்கள் காலனியில் நூற்று இருபது வீடு. குளிர்காலம் வந்தால் விசேஷத்துக்குக் குறைவில்லை. மார்கழி முழுக்க ஒரு மாமா தலைமையில் பஜனை கோஷ்டி. (முன்பெல்லாம் அஞ்சரைக்குத் தெருவில் போவார்கள். இப்போது விடியற்காலையில் குளிரும் புகையும் சேர்ந்து கீழேயே நிற்கிறது, இதய நோய்க்காரர்களுக்கு ஆகாது என்று டாக்டர் பையன் ஒருவன் சொன்னதால், ஹாலுக்குள் மாற்றிவிட்டார்கள். மாமாவுக்கு இன்னும் வருத்தம்.) கிறிஸ்துமஸ் கேக். புத்தாண்டு. அப்புறம் ஜனவரி 13, லோரி. நம் ஊரில் போகி என்று விடியற்காலை கொளுத்துகிறோம். பஞ்சாபிகள் ஏறக்குறைய அதே நாள் சாயந்திரம் கொளுத்துகிறார்கள். விறகு அடுக்கி, தீ மூட்டி, வேர்க்கடலை, பொரி, எள்ளும் வெல்லமும் சேர்த்த ரேவ்டி, கஜக் எல்லாவற்றையும் கொஞ்சம் தீயில் எறிந்து, மீதியைத் தின்றுகொண்டே சுற்றிவருவார்கள். அக்பர் காலத்தில் ஏழைப் பெண்களைக் காப்பாற்றிக் கல்யாணம் செய்து வைத்ததாகச் சொல்லப்படும் துல்லா பட்டியைப் பற்றிப் பாட்டு. புதுசாகக் கல்யாணம் ஆன வீடு, குழந்தை பிறந்த வீடு என்றால் தனி உற்சாகம்.

லோரிக்கு முந்தின வாரம் சங்கத்தின் கூட்டம். ஒரு மணி நேரம் கடலை எத்தனை கிலோ என்பதிலேயே போயிற்று. அரை மணி நேரம் டி.ஜே. வேண்டுமா என்பதில். குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து பெங்காலி தாதா, "கெட்டில் உண்டா, டீ உண்டா?" என்று மூன்று முறை கேட்டார். கடைசியில் நான் எழுந்து, சௌகிதாருக்கு எலெக்ட்ரிக் ஹீட்டர் வாங்க வேண்டும் என்றேன்.

மௌனம். பிறகு செயலாளர், "பில்லு யார் கட்டறது?" என்றார்.

"அவங்க ஊர்ல இதைவிடக் குளிர். அவங்களுக்குப் பழக்கம்தான்" என்றது ஒரு குரல். பழக்கப்பட்டவர்களின் ஹீமோகுளோபின் வேறு கம்பெனியில் செய்ததில்லை என்று சொன்னேன். மொழிபெயர்ப்பில் அந்த ஜோக் எடுபடவில்லை.

காப்பாற்றியவர் ஒரு சர்தார்ஜி, ரிடையரான பாங்க் மேனேஜர். கடலைப் பொட்டலக் காகிதத்தின் பின்னால் கணக்குப் போட்டார். ஆயிரம் வாட் ஹீட்டர், ராத்திரி பத்து மணி நேரம், பத்து யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றே வைத்தாலும் எண்பது ரூபாய். நூற்று இருபது வீட்டுக்கு வகுத்தால் வீட்டுக்கு ஒரு நாளைக்கு அறுபத்தேழு பைசா. "ஒரு கடலைக்கு என்ன விலைங்க?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

அதோடு இது தர்மம் மட்டும் இல்லை. தில்லியின் காற்று கெட்டுப்போகும்போது அமலுக்கு வருகிற 'கிராப்' என்ற நடவடிக்கைத் திட்டத்தில், காவலாளிகளும் துப்புரவு ஊழியர்களும் தெருவில் குப்பையைக் கொளுத்திக் குளிர் காயாமல் இருக்க, காலனி சங்கங்களே ஹீட்டர் கொடுக்க வேண்டும் என்றே சொல்லியிருக்கிறது. இதைச் சொன்னதும் செயலாளர் ஹீட்டரை ஏதோ தாமே கண்டுபிடித்த மாதிரி மினிட்ஸில் எழுதிக்கொண்டார்.

ஹீட்டர் வந்தால் எல்லாம் சரியா? இல்லை. பர்சாத்தித் தம்பிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஹீட்டரை டி.வி. செருகியிருக்கிற எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள். தடிப்பின் இருக்கிற பவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். ரஜாய் நுனி அதன்மேல் படக்கூடாது. தூங்குமுன் அணைத்துவிடுங்கள். வாளித் தண்ணீரில் ராடு போட்டுச் சுடவைப்பவர்கள், சூடு பார்க்க விரலை விடுவதற்கு முன்னால் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்க வேண்டும். முக்கியமாக, பாத்ரூமுக்குள்ளேயே காஸ் கீஸர் மாட்டியிருக்கிற வீடு என்றால் ஜாக்கிரதை. அங்கே வருவதும் அதே கார்பன் மோனாக்ஸைடுதான். கதவைத் திறந்து வைத்து வாளியை ரொப்பி, கீஸரை அணைத்துவிட்டு, அப்புறம் கதவைச் சாத்திக் குளியுங்கள். கீஸரை வெளியே மாட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் சண்டை போடுங்கள். நியாயமான சண்டை.

ஓர் அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் ஜலதோஷம் என்று நினைக்காதீர்கள். கதவைத் திற, ஆட்களை வெளியே இழு, 112-க்கு போன் செய். வெளிக்காற்றில் தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், ஆக்ஸிஜன் வைப்பதற்கு.

லோரி அன்றைக்கு நல்ல கூட்டம். தீ சின்னதுதான், புகைக்குப் பயந்து, காய்ந்த விறகு கொஞ்சமாக அடுக்கினோம். இரண்டாவது மாடியில் புது மாட்டுப்பெண் வந்திருந்தாள், அவளைச் சுற்றி எல்லோரும் ஆடினார்கள். பஜனை மாமாகூட இரண்டு சுற்று வந்தார். பதினோரு மணிக்குக் கூட்டம் கலைந்தது. நடுவில் ஒரு பெரிய வட்டமாகத் தணல். பார்க்கவே அழகு.

அப்போதுதான் கவனித்தேன். ஒரு வேலைக்காரப் பெண் தஸ்லாவோடு நின்றாள். பக்கத்தில் இஸ்திரிக்காரர், கையில் வாளி. பின்னால் நம் சௌகிதாரும். வருஷா வருஷம் லோரித் தணலை இப்படித்தான் அள்ளிக்கொண்டு போவார்களாம். புகையில்லாத, பழுத்த, ராத்திரி முழுக்கச் சூடு தாங்குகிற தணல். ஊரில் அன்றைக்கு அள்ளிய தணல் எத்தனை மூடிய அறைக்குள் போயிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு ஸ்வெட்டருக்குள்ளேயே வேர்த்தது.

தண்ணீர் ஊற்றி அணைத்துவிடலாம் என்றேன். பஞ்சாபி ஆன்ட்டிஜி துள்ளி எழுந்தார். "லோரி நெருப்புல தண்ணியா? வீட்டுக்கு ஆகாது!"

அவரிடம் ஹீமோகுளோபின் எடுபடாது. சர்தார்ஜி அவரைத் தனியே கூப்பிட்டு, கேரா கலான் குழந்தைகளைப் பற்றிப் பஞ்சாபியில் நாலு வார்த்தை சொன்னார். ஆன்ட்டிஜி ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தோம். ஒரு டம்ளர் பாலோடு வந்தார். கும்பிட்டு, தணலில் பாலை விட்டார். "இப்ப ஊத்துங்க" என்றார். பையன்கள் எட்டு வாளி ஊற்றினார்கள். தஸ்லாவோடு நின்றவளுக்கும் இஸ்திரிக்காரருக்கும் ஆன்ட்டிஜி வீட்டுப் பரணிலிருந்து இரண்டு பழைய ரஜாய் இறங்கின.

பன்னிரண்டரைக்குக் கேபினை எட்டிப் பார்த்தேன். கதவு பாதி திறந்திருந்தது, ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. சௌகிதார் தன் ஈர சாக்ஸை அதன் தலைமேல் உலர்த்தியிருந்தார். எடுத்து ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.